ஊழியர் கழிப்பறையை வாடிக்கையாளருக்குத் திறந்துவிடலாமா? துணிக்கடைக்காரர்கள், பிளம்பர்கள் பதில் தேவை

ஜவுளிவாசல் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம்.

தரைத்தளத்தில் 700 சதுர அடி துணிக்கடை. சேலை, ரெடிமேட், பள்ளிச் சீருடை. ஊழியர் 5 பேர், அதில் 4 பேர் பெண்கள். கடையின் பின்னால் ஸ்டாக் அறை. அதைத் தாண்டினால் ஒரே ஒரு கழிப்பறை, 4 அடிக்கு 5 அடி, இந்தியன் பேசின். அதன் மொட்டைமாடியில் 500 லிட்டர் சின்டெக்ஸ். தெருவில் பாதாளச் சாக்கடை இல்லை. பின்சந்தில் செப்டிக் டேங்க், உள்ளளவு 5 அடி நீளம், 2½ அடி அகலம், தண்ணீர் நிற்கும் ஆழம் 3¼ அடி. அதிலிருந்து வழிவது உறை இறக்கிய சோக் பிட்டுக்கு, அதாவது தண்ணீரை மண்ணுக்குள் விடும் உறிஞ்சுகுழிக்கு, போகிறது.

கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வரும் குடும்பம் சாதாரணமாக 2 மணி நேரம் உட்காரும். பாட்டி, கைக்குழந்தை, கர்ப்பிணி எல்லோரும் அதில் இருப்பார்கள். ஒரு நாளைக்கு 15, 20 பேர் “பாத்ரூம் எங்கே இருக்கு?” என்று கேட்கிறார்கள். சீருடை சீசனிலும் தீபாவளிக்கு முந்தைய பத்து நாட்களிலும் அது 100ஐத் தொடும். இப்போது “ஊழியர்களுக்கு மட்டும்” என்று எழுதி மாட்டியிருக்கிறது. பேருந்து நிலையத்துக் கட்டணக் கழிப்பறை 400 மீட்டர் தள்ளி, நடுவில் சிக்னல்.

தெரிந்துகொள்ள வேண்டியவை இவை. திறந்துவிட்டால் ஸ்டாக் அறையை எப்படிப் பாதுகாப்பது? இந்தத் தொட்டியும் டேங்கும் தாங்குமா? யார் கழுவுவது? கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் ஏதாவது இருக்கிறதா? 1867ஆம் ஆண்டுச் சட்டம் என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது, அது உண்மையா?

---

மூன்றடி நடை

திறந்துவிடுங்கள். ஆனால் நாளைக் காலையே பலகையைக் கழற்றிவிடாதீர்கள். வழியைச் சரிசெய்த பிறகு கழற்றுங்கள்.

துணிக்கடைக்காரர் பயப்படுவது கழிப்பறையைப் பார்த்து அல்ல, அதற்குப் போகும் வழியைப் பார்த்து. ஸ்டாக் அறைக்கு நடுவே 3 அடி அகலத்தில் நேர் நடை ஒன்றை ஒதுக்குங்கள். இருபுறமும் உள்ள ரேக்குகளின் முகப்பை மூட வேண்டும். திரைத்துணி போதாது, கை உள்ளே போய்விடும். கீழிருந்து 7 அடி வரை வெல்ட்மெஷ் (இரும்புக் கம்பிவலை) அடித்த மடக்குக் கதவு போட்டால் காற்றும் போகும், துணியில் புழுக்க வாடையும் வராது. பிளைவுட் போட்டு முழுதாக மூடினால் மழைக்காலத்தில் பட்டுச் சேலையில் பூஞ்சை பிடிக்கும். பில் போடாத சரக்கை நடையின் தரையில் ஒருபோதும் வைக்காதீர்கள். பண்டல் வந்து இறங்கும் அரைமணி நேரம் மட்டும் வழியை மூடிவைக்கலாம். கட்டுக்கயிறு காலில் சிக்கி வயதானவர் விழுந்தால், திருட்டில் போவதைவிடப் பெரிய இழப்பு அது.

கேமரா ஒன்று போதும். ஸ்டாக் அறை வாசலை நோக்கி, நடை முழுவதும் தெரிகிற மாதிரி. கழிப்பறைக் கதவு திறக்கும்போது அதன் உட்புறம் ஓர் அங்குலம்கூடப் படத்தில் விழக்கூடாது. மாட்டிய பிறகு கதவை முழுதாகத் திறந்து வைத்துத் திரையில் பாருங்கள். பெண்ணின் அந்தரங்கத்தைப் படம்பிடிப்பது பாரதிய நியாய சன்ஹிதா (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 77ஆம் பிரிவின்படி குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், கேமராவைத் தலைக்குமேல் பார்த்த பெண் அந்தக் கடைக்கு மறுபடி வரமாட்டார். “இந்த நடையில் கேமரா உண்டு, கழிப்பறைக்குள் இல்லை” என்று வாசலிலேயே எழுதி ஒட்டுங்கள்.

சரக்கு வெளியே போகும் விதம் ஒன்று உண்டு. பில் போடாத டாப்ஸை உள்ளே எடுத்துப் போய், டேக்கைக் கிழித்துப் போட்டுவிட்டு, உடுத்தியிருப்பதற்கு அடியில் போட்டு வருவார்கள். அதைத் தடுக்கத் தேர்ந்தெடுத்த துணி கவுண்டரிலேயே இருக்க வேண்டும், அவ்வளவுதான். சேலை காட்டுபவரே “இதை நான் எடுத்து வைக்கிறேன்மா, நீங்க போய்ட்டு வாங்க” என்று வாங்கிக்கொண்டால் யாருக்கும் மனம் நோகாது. கைப்பையை வாங்கி வைக்காதீர்கள். மாதவிடாய்க்குத் தேவையானது அதற்குள் இருக்கலாம். குப்பைக் கூடையை எடுப்பவர் அதில் விலை டேக் கிடக்கிறதா என்று தினமும் பார்த்தால் போதும், ஓட்டை இருக்கிறதா என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

சாவி கவுண்டரில் இருக்கட்டும். சாவியை ஒரு அடி நீள மரக்கட்டையில் கோர்த்தால் யாரும் மறந்து பையில் போட்டுக்கொண்டு போக மாட்டார்கள். ஊழியர் ஒருவர் ஸ்டாக் அறை வாசல்வரை கூட வந்து வழிகாட்டிவிட்டுத் திரும்பிவிட வேண்டும். கழிப்பறைக் கதவுக்கு வெளியே காவல் நிற்கக் கூடாது. ஏன், எதற்கு, அவசரமா என்று கேட்கவும் கூடாது.

இன்னொன்று. அந்த நடையின் முடிவில் பின்வாசல் இருந்தால், திருட்டுக்குப் பயந்து அதற்குப் பூட்டுப் போட்டுவிடாதீர்கள். துணிக்கடையில் தீப்பிடித்தால் பின்பக்கம் இருப்பவர்களுக்கு அதுதான் வழி. உள்ளிருந்து தள்ளினால் திறந்து, வெளியிலிருந்து திறக்க முடியாத தாழ்ப்பாள் போடுங்கள்.

---

நாலு இன்ச்

வழியைப் பற்றி மேலே சொன்னது சரி. தண்ணீர்க் கணக்கை நான் சொல்கிறேன், ஏனென்றால் திறந்துவிட்ட கடைகள் மூன்றே மாதத்தில் திரும்பப் பூட்டுவதற்குக் காரணம் திருட்டு அல்ல, அடைப்பும் நாற்றமும்தான்.

ஒருவர் ஒருமுறை போனால் பேசினில் ஊற்ற 6 லிட்டர், கழுவ 1, கைகழுவ 1, ஆக 8 லிட்டர் என்று வையுங்கள். ஊழியர் 5 பேர், ஆளுக்கு 4 முறை, 160 லிட்டர். வாடிக்கையாளர் 20 பேர், இன்னொரு 160. சாதாரண நாளில் 320 லிட்டர், உங்கள் 500 லிட்டர் சின்டெக்ஸ் தாங்கும். சீசனில் 100 பேர் என்றால் 800, ஊழியரோடு 960. மதியம் 3 மணிக்கே டாங்க் காலி. தண்ணீர் இல்லாமல் ஒருவர் போய்விட்டு வந்தால் அடுத்தவர் எப்படிப் போவார்? ஆகவே 1,000 லிட்டர் டாங்காக மாற்றுங்கள், அல்லது இருக்கிற 500க்குப் பக்கத்தில் இன்னொரு 500 வைத்து அடியில் இணையுங்கள். 1,000 லிட்டர் தண்ணீர் என்றால் ஒரு டன் எடை. கழிப்பறைக் கூரை மெல்லிய ஸ்லாப் என்றால் அதன்மேல் ஏற்றாதீர்கள், சுவர்கள் சந்திக்கும் இடத்தில் கட்டை கட்டி வையுங்கள்.

அடுத்தது செப்டிக் டேங்க். நீங்கள் கொடுத்த அளவு பெருக்கினால் சுமார் 40 கன அடி, கிட்டத்தட்ட 1,150 லிட்டர். ஐந்து பேர் வீட்டுக்குக் கட்டுகிற அளவு அது. தொட்டிக்குள் வருகிற தண்ணீர் குறைந்தது ஒரு முழு நாளாவது அசையாமல் நிற்க வேண்டும், அப்போதுதான் கெட்டியானது அடியில் படியும். சாதாரண நாளில் 320 லிட்டர் வந்தால் மூன்று நாளுக்குமேல் நிற்கும், பிரச்சினை இல்லை. சீசனில் 960 வரும். அடிக்கசடும் மேல் ஆடையும் (மேலே மிதந்து நிற்கும் கசடு) மூன்றில் ஒரு பங்கை அடைத்திருந்தால் மிச்சம் 770 லிட்டர் இடம்தான். வந்த தண்ணீர் 19, 20 மணி நேரத்தில் வெளியேறிவிடும். படியாத கசடு அப்படியே சோக் பிட்டுக்குப் போகும். உறையைச் சுற்றிய மண்ணின் கண்களை அது மூடிவிட்டால் பிறகு தண்ணீரை மண் இழுக்காது. தீபாவளி வடகிழக்குப் பருவமழை நேரத்திலேயே வருகிறது, மண் ஏற்கெனவே ஈரமாக இருக்கும். பேசினில் தண்ணீர் ஏறி நிற்பது அப்போதுதான். தொட்டியைக் காலி செய்தால் சரியாகிவிடும் என்று எண்ணாதீர்கள், அடைந்தது சோக் பிட் என்றால் புதுக்குழிதான் வழி.

எனவே சீசனுக்கு முன், அதாவது மே தொடக்கத்திலும் செப்டம்பரிலும், கசடு எவ்வளவு என்று பாருங்கள். நீளக் கழியில் வெள்ளைத் துணியைச் சுற்றி, மேன்ஹோல் வழியாக அடிவரை இறக்கி, சில நிமிடம் வைத்து மெதுவாக எடுத்தால் கறுத்திருக்கும் உயரம் அடிக்கசடு. அதுவும் மேல் ஆடையும் சேர்ந்து ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு வந்துவிட்டால், உங்களுக்கு ஒரு அடிக்குச் சற்று மேல், லாரியை அழையுங்கள். மூடியைத் திறந்த உடனே குனிந்து பார்க்காதீர்கள், பக்கத்தில் தீக்குச்சி கூடாது. உள்ளே விஷவாயு நிற்கும். யாரையும் தொட்டிக்குள் இறக்காதீர்கள், எவ்வளவு அவசரமானாலும், அவரே இறங்குகிறேன் என்றாலும். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆளை இறக்கியவருக்கு முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இறங்கியவருக்கு உயிரே போகலாம். உறிஞ்சு குழாய் உள்ள லாரி மட்டும். லாரிக்காரர் எங்கே கொட்டுகிறார் என்று கேளுங்கள், சுத்திகரிப்பு நிலையம் என்றால் மட்டும் பணம் கொடுங்கள்.

பைப்: பேசினிலிருந்து தொட்டிவரை 4 இன்ச், 10 அடிக்கு 2 முதல் 3 இன்ச் சரிவு. சரிவு குறைந்தால் கெட்டியானது தங்கும். நடுவில் 90 டிகிரி எல்போ இருந்தால் எடுத்துவிட்டு இரண்டு 45 டிகிரி பெண்டு போடுங்கள், திருப்பத்தில் திறந்து குத்துவதற்கு மூடி உள்ள டோர் பெண்டு.

வாடிக்கையாளர் கூட்டத்தில் வாளியில் மொண்டு ஊற்றுவதை நம்பாதீர்கள், பாதிப்பேர் ஒரு மக்கு ஊற்றிவிட்டு வந்துவிடுவார்கள். பிளாஸ்டிக் ஃப்ளஷ் டாங்கைச் சுவரில் 5 அடிக்குமேல் ஏற்றி மாட்டுங்கள், உயரம் இருந்தால்தான் இந்தியன் பேசினைத் தள்ளும். டாங்க் இல்லாமல் ஃப்ளஷ் வால்வு மட்டும் போடச் சொல்பவர்கள் உண்டு. உங்கள் சின்டெக்ஸ் கழிப்பறைக்கு நேர் மேலே இருக்கிறது, அழுத்தம் போதாது, வால்வு சும்மா கசியும்.

அடைப்புக்கு முதல் காரணம் நாப்கின். அதற்குள் இருக்கும் பொடி தண்ணீரை உறிஞ்சிப் பலமடங்கு உப்பும், பைப்பின் திருப்பத்தில் கார்க் மாதிரி உட்கார்ந்துவிடும். காலால் மிதித்துத் திறக்கும் கூடை ஒன்று, அதன்மேல் கம்பியில் கோர்த்த பழைய செய்தித்தாள் துண்டுகள், இவை இரண்டும் இருந்தால் யாரும் பேசினில் போடுவதில்லை. கூடை இல்லாத இடத்தில் “போடாதீர்கள்” என்று எழுதி வைத்துப் பயனில்லை, அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டா வெளியே வருவார்?

நாற்றம்: தரைத் தண்ணீர் வெளியேறும் துளைக்கு அடியில் உள்ள நானி டிராப்பில் இரண்டு இன்ச் தண்ணீர் நிற்க வேண்டும். வெயில் காலத்தில் பல நாள் லீவு விட்டுத் திறந்தால் அது வற்றியிருக்கலாம், வற்றினால் தொட்டி வாயு கடைக்குள் வரும். காலையில் கடை திறந்ததும் இரண்டு மக்கு தண்ணீர் டிராப்பில் ஊற்றுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் 6 இன்ச் போதும். கதவுக்கு அடியில் ஓர் இன்ச் இடைவெளி விடாமல் ஃபேன் போட்டால் அது சுழலும், காற்று நகராது. உள்ளே வரக் காற்றுக்கு வழி வேண்டும்.

---

கவுண்டர் மூன்று

அண்ணா, யார் கழுவுவது என்று கேட்டிருக்கிறீர்கள். விற்பனைக்கு நிற்கும் பெண்கள் கழுவக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை.

பல கடைகளில் நடப்பது, புதிதாகச் சேர்ந்த சின்னப் பெண்ணிடம், இல்லையென்றால் எந்தச் சாதி என்று தெரிந்த ஒருவரிடம், “நீ கொஞ்சம் பார்த்துக்கோ” என்று விட்டுவிடுவது. ஊழியர் கழிப்பறையாக இருந்தவரை அவரவர் ஊற்றிவிட்டு வந்தார்கள், வேலை குறைவு. ஊர் வந்து போகும் கழிப்பறை ஆகிவிட்டால் அது தனி வேலை, தனிச் சம்பளம். சாதாரண நாளில் காலை, மதியம், மாலை என்று மூன்று முறை, தலா கால்மணி. சீசனில் மணிக்கு ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும். அதற்கு ஆள் வைக்க முடியாது என்றால் திறக்க வேண்டாம். ஆள் வைத்தால் முழங்கை வரை ரப்பர் கையுறை, நீளக் கைப்பிடி பிரஷ், காலுக்கு கம்பூட் கடையே வாங்கித் தர வேண்டும்.

ஆசிட்டையும் பிளீச்சிங்கையும் ஒன்றாக ஊற்றக் கூடாது என்று சொல்லித் தாருங்கள், எழுதியும் ஒட்டுங்கள். நீல பாட்டில் கிளீனரிலும் ஆசிட்தான் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. 4 அடிக்கு 5 அடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கழுவுபவர் அங்கேயே மூச்சுத் திணறி விழுவார். ஆசிட் பேசினுக்கு மட்டும், அதுவும் வாரம் ஒருமுறை, மஞ்சள் உப்பு படிந்தால். தரை டைல்ஸில் ஊற்றினால் இடுக்கில் உள்ள சிமெண்ட்டை அரித்துவிடும், பிறகு மூத்திரம் இடுக்குக்குள் இறங்கி எத்தனை கழுவினாலும் நாற்றம் போகாது. தரைக்கு சோப்புத் தூளும் தண்ணீரும் பிரஷ்ஷும், கடைசியில் வைப்பரால் இழுத்து ஈரம் இல்லாமல் விடுவதும் போதும். யாராவது வாந்தி எடுத்துவிட்டாலோ குழந்தைக்கு வயிற்றுப்போக்கு ஆகியிருந்தாலோ, முதலில் அதை அள்ளி எடுத்துவிட்டு, கடையில் விற்கும் 4, 5 சதவீத ஹைப்போவில் (திரவ பிளீச், இதையும் ஆசிட்டோடு சேர்க்கக் கூடாது) ஒரு கப்புக்கு நாலு கப் தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள்.

அடுத்தது, யார் எப்போது போவது என்ற முறை. ஊழியருக்கு ஒரே கழிப்பறை. சாப்பாட்டு இடைவேளை இருபது நிமிடம். அப்போது வரிசையில் ஏழு வாடிக்கையாளர் நின்றால் அந்தப் பெண் எப்போது போவாள்? அடக்கிக்கொண்டு திரும்பவும் கவுண்டரில் நிற்பாள். மறுநாளிலிருந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வாள். கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்த பெண்கள் “பெண்கூட்டு” என்று சேர்ந்து முதலில் போராடியது கழிப்பறைக்காகத்தான், உட்காரும் உரிமை அதன் பின் வந்தது. கேரளம் 2018இல் சட்டத்தைத் திருத்தியது, தமிழ்நாடு 2021இல் கடைகள் சட்டத்தில் 22-அ பிரிவு சேர்த்து இருக்கை கட்டாயம் என்றது. இருக்கை வந்துவிட்டது, கழிப்பறையில் வரிசை வந்தால் பழைய கதைதான்.

ஆகவே ஊழியர் கேட்டால் வரிசையில் அவருக்கு முதலிடம் என்று எழுதி ஒட்டுங்கள். வாடிக்கையாளர்கள் கோபப்பட மாட்டார்கள், காரணத்தை எழுதினால் புரிந்துகொள்வார்கள். வாடிக்கையாளரை உள்ளே விட மறுக்கும் சங்கடத்தையும் விற்பனைப் பெண்ணின் தலையில் போடாதீர்கள். இல்லை என்று சொல்ல வேண்டி வந்தால் முதலாளியோ மேலாளரோ சொல்லட்டும்.

---

வார்டு சிஸ்டர்

எல்லோருக்கும் திறப்பதா வேண்டாமா என்ற பேச்சுக்கு முன்னால், மறுக்கவே கூடாதவர்கள் சிலர் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

இதய நோய்க்கும் கால் வீக்கத்துக்கும் நீர் மாத்திரை சாப்பிடுபவர்கள். ஃப்ரூசிமைடு வாய்வழி எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி ஆறு மணி நேரம் வரை நிற்கும். காலை மாத்திரை போட்டுவிட்டுப் பேத்திக்குச் சீருடை எடுக்க வந்த தாத்தாவால் 400 மீட்டர் நடக்க முடியாது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், புராஸ்டேட் வீங்கியவர்கள், கர்ப்பிணிகள், பிரசவமாகிச் சில மாதமே ஆனவர்கள். குரோன்ஸ், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற குடல் அழற்சி நோய் உள்ளவர்கள் பார்க்க ஆரோக்கியமாக, இளமையாகத் தெரிவார்கள். அவர்களுக்கு வந்துவிட்டால் சில நிமிடங்கள்தான். வயிற்றில் கழிவு சேரும் பை பொருத்தியவர்கள் அதைக் காலிசெய்ய ஓர் இடம் தேவை, அதை அவர்கள் யாரிடமும் விளக்க விரும்ப மாட்டார்கள்.

முகத்தைப் பார்த்து யாருக்கு அவசரம் என்று கண்டுபிடிக்க முடியாது. டாக்டர் சீட்டைக் காட்டச் சொல்வது அவமானம். எனவே கேட்டவருக்குக் கொடுப்பது ஒன்றுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

முட்டிவலிக்காரர்களுக்கு இந்தியன் பேசின் உதவாது. அதை உடைத்து வெஸ்டர்ன் வைக்க வேண்டியதில்லை. நடுவில் துளை உள்ள கமோடு நாற்காலி மருந்துக் கருவிக் கடைகளில் கிடைக்கும், பேசின்மேல் நிறுத்தி உட்காரலாம். கால்களுக்கு ரப்பர் புஷ் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், தேய்ந்ததும் மாற்றுங்கள், ஈர டைல்ஸில் அது இல்லாமல் வழுக்கும். பக்கச் சுவரில் கைப்பிடிக் கம்பி ஒன்று. செங்கல்லில் ஆங்கர் போல்ட் இறக்கி மாட்ட வேண்டும், துண்டு மாட்டும் கம்பிக்கு வைக்கிற பிளாஸ்டிக் பிளக்கில் ஆள் எடை நிற்காது, பிடித்தவரோடு சேர்ந்து வரும்.

கதவு வெளிப்புறம் திறக்கட்டும். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்து கதவின்மேல் சாய்ந்துவிட்டால் உள்நோக்கித் திறக்கும் கதவைத் தள்ளவே முடியாது. தாழ்ப்பாள், வெளியிலிருந்து நாணயத்தால் திருப்பித் திறக்கக்கூடிய வகையாக இருக்கட்டும். நாலு வயதுக் குழந்தை உள்ளே பூட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கும்.

---

வரியும் விதியும்

வாட்ஸ்அப்பில் சுற்றுவது சராய்கள் சட்டம், 1867. பயணிகள் தங்குவதற்கான கட்டடம்தான் அதில் சராய். அந்த விடுதிகளைப் பதிவு செய்வது, சுத்தமாக வைப்பது, காவல் போடுவது என்று அதன் கடமைகள் போகின்றன. துணிக்கடையை அது தொடாது. “எந்த ஹோட்டலிலும் இலவசமாகக் கழிப்பறை கேட்கலாம், மறுத்தால் உரிமம் ரத்து” என்ற வாசகம் அந்தச் சட்டத்தில் இல்லை. தமிழ்நாட்டில் சில்லறைக் கடையின் ஊழியர் கழிப்பறையை வாடிக்கையாளருக்குத் திறக்கச் சொல்லும் தனிச் சட்டமும் இல்லை. பெட்ரோல் பங்க் நிலைமை வேறு, அங்கே கழிப்பறை வைப்பது எண்ணெய் நிறுவனங்கள் விதித்திருக்கும் நிபந்தனை.

தெற்கு டெல்லி மாநகராட்சி 2017 ஏப்ரல் 1 முதல் தன் எல்லையில் உள்ள உணவகங்களின் கழிப்பறைகளைப் பொதுமக்களும் பயன்படுத்தலாம் என்றது, 5 ரூபாய் வரை வாங்கலாம் என்றும் சொன்னது. அது உள்ளாட்சியின் உத்தரவு, அந்த எல்லைக்கு மட்டும்.

நீங்கள் கடைக்கு விதி எழுத விரும்பினால் நல்ல மாதிரி அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் இருக்கிறது. 2005இல் வந்த சட்டம், குரோன்ஸ் நோய் இருந்த ஆலி பெய்ன் என்ற பெண்ணின் பெயரால் “ஆலி சட்டம்” என்று அழைக்கிறார்கள். குறிப்பிட்ட நோய் உள்ளவர் கேட்டால் கடை தன் ஊழியர் கழிப்பறையைத் தர வேண்டும். அதே நேரத்தில் கடைக்காரரின் பயத்தையும் அது கணக்கில் எடுத்திருக்கிறது. அந்த நேரத்தில் குறைந்தது 3 ஊழியர் வேலையில் இருக்க வேண்டும். கழிப்பறைக்குப் போகும் வழி வாடிக்கையாளருக்கு ஆபத்தாகவோ கடையின் பாதுகாப்புக்கு வெளிப்படையான இடராகவோ இருந்தால் கட்டாயமில்லை. பக்கத்திலேயே பொதுக் கழிப்பறை இருந்தாலும் கட்டாயமில்லை. இதற்காகக் கட்டடத்தை மாற்றச் சொல்லவில்லை. மீறினால் அபராதம் 100 டாலர் வரை. உங்கள் கடைக்கு “கடையில் இரண்டு ஊழியர் மட்டும் இருக்கும்போது சாவி இல்லை” என்ற விதியை அங்கிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

உணவுக் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: கழிப்பறைக் கதவு சமையல் பகுதிக்குள் நேரடியாகத் திறக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. சமையலறை வழியாகத்தான் ஊழியர் கழிப்பறைக்குப் போக முடியும் என்றால் வாடிக்கையாளரை விடாதீர்கள்.

---

கடைத்தெரு நடு

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. 5 ஊழியர், ஒரே பேசின், சோக் பிட். சீசனில் இவர் ஒருவர் திறந்தால் தெருவில் உள்ள நாற்பது கடைகளும் “அங்கே போங்க” என்று இவர் கடையைக் கை காட்டும். சரக்கே வாங்காதவர் வரிசையில் நிற்பார், 100 என்ற கணக்கு 300 ஆகும். மேலே போட்ட லிட்டர் கணக்கு அத்தனையும் அன்றே உடைந்துபோகும். நல்ல மனதோடு திறந்தவர் தண்டனை அனுபவிப்பார், நகராட்சி தன் வேலையைச் செய்யாமலே தப்பித்துக்கொள்ளும்.

ஜெர்மனியில் ஆலன் என்ற நகரம் இதற்கு ஒரு வழி கண்டது. கடைகளும் உணவகங்களும் கழிப்பறையைத் திறந்துவிடும், வாசலில் ஸ்டிக்கர் இருக்கும், சுத்தம் செய்யும் செலவுக்கு நகராட்சி பணம் தரும். லண்டனின் ரிச்மண்ட் பகுதியிலும் இதேபோல் ஏற்பாடு உண்டு. இவற்றின் சூட்சுமம் ஸ்டிக்கர் அல்ல. பல கடைகள் ஒரே நேரத்தில் திறப்பதும், செலவைப் பொதுப்பணம் ஏற்பதும்தான். உங்கள் தெருவில் வியாபாரிகள் சங்கம் இருந்தால் நாலு கடைகள் சேர்ந்து ஒரே நாளில் திறவுங்கள். அதோடு தொட்டி காலிசெய்யும் செலவை நகராட்சி ஏற்க வேண்டும் என்று மனுக் கொடுங்கள். தனியாகத் திறக்க வேண்டாம்.

---

மூன்றடி நடை

@கடைத்தெரு நடு: சீசனைப் பற்றிச் சொன்னது நியாயம். ஆனால் வருடத்தில் சீசன் இல்லாத பத்து மாதமும் 20 பேர்தான் கேட்கிறார்கள். அந்த 20 பேருக்கு நகராட்சி மனு முடியும்வரை காத்திரு என்று சொல்ல முடியாது. பலகையில் “கழிப்பறை உண்டு” என்று வாசலில் எழுத வேண்டாம். உள்ளே, சேலை காட்டும் மேடைக்குப் பக்கத்தில், உட்கார்ந்திருப்பவர் கண்ணில் படும் இடத்தில் எழுதினால் தெருவுக்குத் தெரியாது.

---

ஜவுளிவாசல்

எல்லோருக்கும் நன்றி. வெல்ட்மெஷ் கதவும் இரண்டாவது 500 லிட்டர் டாங்கும் இந்த மாதமே வேலை தொடங்குகிறது. சுத்தம் செய்ய ஓர் அம்மாவிடம் பேசியாகிவிட்டது, தனிச் சம்பளம். பக்கத்துப் பாத்திரக் கடைக்காரரும் திறக்கச் சம்மதிக்கிறார்.

@நாலு இன்ச்: சீசனுக்கு மட்டும் செப்டிக் டேங்கின் சுமையைக் குறைக்க வழி உண்டா அண்ணா? பின்சந்தில் இன்னொரு தொட்டி கட்ட 3 அடி அகலம்தான் இருக்கிறது.

---

நாலு இன்ச்

3 அடி வெளியளவு என்றால் இரண்டு பக்கமும் 4½ இன்ச் சுவர் போக உள்ளே 2¼ அடி நிற்கும், அது போதும். புதிதாகத் தனித்தொட்டி வேண்டாம், இருக்கிற தொட்டிக்குத் தொடர்ச்சியாக இரண்டாவது அறையாகக் கட்டுங்கள். 5 அடி நீளம், பழைய தொட்டியின் அதே ஆழம். முதல் அறையிலிருந்து இரண்டாவதற்குப் போகும் 4 இன்ச் பைப்புக்கு டீ (T வடிவ இணைப்பு) மாட்டி, அதன் கீழ்வாய் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு அடி கீழே இருக்கட்டும். அப்போதுதான் மேல் ஆடையும் வராது, அடிக்கசடும் வராது. வெளியேறும் வாய், உள்ளே வரும் வாயைவிட 2 இன்ச் கீழே. மொத்தக் கொள்ளளவு 2,100 லிட்டருக்குமேல் வரும், 960 லிட்டர் நாளிலும் கசடு போக ஒன்றரை நாள் நிற்கும்.

கைகழுவும் தண்ணீரைச் செப்டிக் டேங்குக்கு விடாதீர்கள், அது சோப்புத் தண்ணீர், அதைத் தனியாக ஒரு சிறு குழிக்குத் திருப்புங்கள். அதிலேயே சீசனில் நாளுக்கு 100 லிட்டருக்குமேல் குறையும். பினாயிலை வாளி வாளியாக ஊற்ற வேண்டாம் என்று அந்த அம்மாவிடம் சொல்லுங்கள், கசடைச் செரிக்கும் கிருமி செத்துவிடும். காற்றுப்போக்கி பைப் பழைய அறையில் இருக்கிறதா? இருந்தால் கடையின் கூரைக்கு மேல் 6 அடி ஏற்றி, வாயில் கொசுவலை கட்டுங்கள். கட்டும்போது பழைய தொட்டியில் துளை போடுவதற்கு முன் லாரி வைத்து முழுதும் காலிசெய்து, இரண்டு மூடியையும் ஒருநாள் திறந்து வைத்து, சுற்றிக் கயிறு கட்டித் தடுப்பு வையுங்கள். துளையை வெளியிலிருந்து போடச் சொல்லுங்கள், உள்ளே இறங்கி அல்ல.